தொழிற்சாலை வாயிலில் சட்டம்

சட்டப் புத்தகங்களுள்ளே வாசிப்பதற்கு மிக வறண்டவை தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களே எனலாம். சுவருக்கு ஆண்டில் எத்தனை முறை வெள்ளையடிப்பது, சுழலும் இரும்புத் தண்டினை எவ்வாறு வேலியிட்டு மறைப்பது, புகைபோக்கியினூடாக வெளியேறும் வாயுவில் எவ்வளவு அமிலம் இருக்கலாம் என்பன போன்ற விடயங்களே அவற்றில் நிறைந்து கிடக்கின்றன. ஆயினும், அவற்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர் ஓர் உண்மையை விரைவிற் கண்டுகொள்வர். அவ்வறண்ட வாசகங்களுட் பெரும்பாலானவை யாரோ ஒருவருடைய கையையோ நுரையீரலையோ விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டவை.

இவ்வரலாற்றை ஒரு வினாவின் வழிநின்று நோக்குதல் பயனுடைத்து. தொழிற்சாலையின் வாயிலைக் கடந்து உள்ளே சென்று, அங்கு நடப்பதைக் கண்ணாற் காணும் உரிமை யாருக்கு உண்டு? வாயிலுக்கு உட்பட்டது முழுவதும் தன் சொத்து, அங்கு நடப்பது தன் சொந்த விவகாரம் என்பது முதலாளியின் ஆதிக் கொள்கை. அக்கொள்கை எவ்வாறு படிப்படியாகத் தகர்க்கப்பட்டது, எவ்விடத்தில் இன்னும் தகராது நிற்கின்றது என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். கைத்தொழிற் புரட்சி முதலில் நிகழ்ந்த நாடும், எமது தொழிற் சட்டங்களுக்கு மூலமாக அமைந்த நாடும் இங்கிலாந்தே ஆதலின், அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

1784ஆம் ஆண்டில் மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள ரட்கிளிஃப் என்னும் ஊரிலே ஒரு பருத்தி ஆலையிற் காய்ச்சல் நோய் பரவியது. தோமஸ் பேர்சிவல் என்னும் மருத்துவரும் அவருடைய நண்பர்களும் அதனை ஆராய்ந்து, சிறுவர்கள் இரவு பகலாக நெடுநேரம் வேலைவாங்கப்படுதலைக் கண்டித்தனர். அவ்வாலை ரொபேட் பீல் என்னும் செல்வந்தருடையது. பின்னாளிற் பிரதமரான பீலின் தந்தையார் இவரே. இவரே 1802ஆம் ஆண்டில் முதலாவது தொழிற்சாலைச் சட்டத்தைப் பாராளுமன்றத்திற் கொண்டுவந்தார். அநாதை இல்லங்களிலிருந்தும் ஏழைகள் விடுதிகளிலிருந்தும் ஆலைகளுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களைப் பற்றியது அச்சட்டம். நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் அவர்களை வேலைவாங்கலாகாது. ஆலைச் சுவர்களுக்கு ஆண்டில் இருமுறை சுண்ணாம்படிக்க வேண்டும். காற்றுப் புகப் போதிய சாளரங்கள் வேண்டும் என அது விதித்தது.

விதிகள் நல்லவைதாம். ஆனால் அவற்றைக் கண்காணிப்போர் யார்? அவ்வப் பிரதேசத்துச் சமாதான நீதவான்கள், நீதவான் ஒருவரையும் மதகுரு ஒருவரையும் பார்வையாளராக நியமிக்கவேண்டுமெனச் சட்டம் கூறியது. ஆலை முதலாளியோடு ஒரே மேசையில் உணவருந்தும் கனவான்கள் அவ்வாலையில் எதனைக் கண்டுவிடப் போகின்றனர்? சட்டம் ஏட்டளவில் நின்றுபோயிற்று. 1819ஆம் ஆண்டுச் சட்டம் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பருத்தி ஆலைகளில் வேலைக்கமர்த்தலாகாது எனத் தடைசெய்தது. அதற்கும் கண்காணிப்பாளர் இல்லை; அதுவும் பயனின்றிக் கழிந்தது.

திருப்பம் 1833ஆம் ஆண்டிலே வந்தது. வேலைநேரக் குறைப்புக்காகத் தொழிலாளர் வடபகுதி நகரங்களிற் சங்கங்கள் அமைத்தும் பேரணிகள் நடத்தியும் கிளர்ச்சி செய்த காலம் அது. அவ்வாண்டுச் சட்டம் சிறுவரின் வேலைநேரத்தை மேலும் குறைத்தது. ஆயினும் அதன் உண்மையான புதுமை வேறோரிடத்தில் இருந்தது. அரசாங்கத்தாற் சம்பளம் கொடுக்கப்பட்டு, முதலாளிக்குக் கடமைப்படாத நான்கு பரிசோதகர்களை அது நியமித்தது. ஆலைக்குள் நுழையும் அதிகாரத்தையும் அவர்களுக்கு அளித்தது. நாடெங்கும் பரந்து கிடந்த நெசவாலைகள் அனைத்துக்கும் நால்வர் என்பது நகைப்புக்கிடமான எண்ணிக்கைதான். எனினும், அன்றுவரை பூட்டிக்கிடந்த வாயில் ஒருமுறை திறந்துவிட்டது. அதன்பின் அதனை முற்றாக மூடுதல் முதலாளி வர்க்கத்துக்கு இயலாததாயிற்று.

அவர்கள் மூட முயலாமலில்லை. 1844ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைகளிற் சுழலும் சக்கரங்களையும் தண்டுகளையும் பாதுகாப்பாக வேலியிடுமாறு பணித்தது. நீராவி இயந்திரத்திலிருந்து ஒவ்வொரு தறிக்கும் ஆற்றலைக் கொண்டுசெல்லும் தண்டுகள் கூரையின் கீழே நீளச் சுழன்றுகொண்டிருக்கும். அவற்றிற் பூட்டிய தோற்பட்டியில் ஒருவரது உடையோ தலைமயிரோ சிக்கினால் மீட்சியில்லை. ஏழடிக்கு மேல் உயரத்திற் செல்லும் தண்டுகளாற் பெருந் தீங்கில்லையென்று முதலாளிகள் வாதிட்டனர். பரிசோதகர்கள் அதனை ஏற்கவில்லை. 1855ஆம் ஆண்டில் ஆலை முதலாளிகள் மான்செஸ்ரரிலே ஒரு தேசிய சங்கம் அமைத்து, வேலியிடும் விதியை எதிர்த்துப் போராடப் பணந் திரட்டினர். நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ் அச்சங்கத்தைத் தொழிலாளரின் உடலைச் சிதைக்கும் சங்கமென எள்ளி நகையாடியது. எனினும் வென்றவர்கள் முதலாளிகளே. 1856ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களும் சிறுவரும் அணுகக்கூடிய பகுதிகளை மட்டும் வேலியிட்டாற் போதுமென விதியைத் தளர்த்தியது. கிடைத்த பாதுகாப்பு என்றும் கையில் நிற்குமென்று எண்ணுவது தவறு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1833 முதல் 1859 வரை பரிசோதகராக விளங்கியவர் லெனாட் ஹோணர். இவர் புரட்சிவாதியல்லர், புவிச்சரிதவியல் கற்ற, மிதவாதியான கனவான். ஆயினும் தாம் கண்டவற்றைக் கண்டவாறே எழுதினார். கார்ல் மார்க்ஸ் 1867ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், வேலைநாளைப் பற்றிய அதிகாரத்தைப் பெரும்பாலும் இப்பரிசோதகர்களின் அறிக்கைகளை ஆதாரமாகக் கொண்டே அமைத்தார். அந்நூலின் முன்னுரையிலும் ஆங்கிலப் பரிசோதகர்களின் திறமையையும் பக்கஞ் சாராமையையும் அவர் போற்றியுள்ளார். முதலாளித்துவ அரசின் உத்தியோகத்தர் எழுதிய நீலப் புத்தகங்களே முதலாளித்துவத்தை அம்பலப்படுத்தும் நூலுக்குக் கருவூலமாயின. உள்ளே சென்று பார்ப்பதும் பார்த்ததைப் பகிரங்கமாக எழுதுவதும் எத்துணை வலிமையுடைய செயல்கள் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இதுவரை கூறியது வாயிலுக்கு உள்ளே நடந்த கதை. வாயிலுக்கு வெளியே, தொழிற்சாலையின் அயலிலே நடந்த கதையும் ஒன்றுண்டு. சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் துணி வெளுப்பதற்கும் சோடா வேண்டும். அதனைக் கறியுப்பிலிருந்து உற்பத்தி செய்யும் முறையைப் பிரெஞ்சு நாட்டவரான லெபிளாங் கண்டறிந்தார். உப்போடு கந்தகவமிலத்தைச் சேர்க்கும்போது ஐதரசன் குளோரைட்டு என்னும் கடும் வாயு கிளம்பும். சென்ற் ஹெலன்ஸ், விட்னெஸ் முதலிய ஊர்களில் அவ்வாயு நேரே வானத்திற் கலந்தது. ஈரக் காற்றோடு சேர்ந்து அமிலமாகி, மரங்களைப் பட்டுப்போகச் செய்தது, பயிரைக் கருக்கியது, இரும்பை அரித்தது. முதலாளிகள் கண்ட பரிகாரம் புகைபோக்கியை உயர்த்துவதே. கிளாஸ்கோ நகரின் சென்ற் ரொலொக்ஸ் தொழிற்சாலையில் 1842ஆம் ஆண்டில் 435 அடிக்கு மேலுயர்ந்த புகைபோக்கி ஒன்று எழுந்தது. அதனால் நஞ்சு குறையவில்லை; தொலைவிலுள்ள ஊர்களுக்கும் பங்கிடப்பட்டது.

இத்தீங்கைத் தடுக்கும் வழி அக்காலத்தில் தெரியாதிருந்ததா? இல்லை. வில்லியம் கொசேஜ் என்பவர், சுள்ளிகளும் கற்களும் நிறைந்த கோபுரத்தின் வழியே நீரை வழியவிட்டு, மேலெழும் வாயுவை அந்நீரிற் கரைத்துப் பிடிக்கும் முறைக்கு 1836ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். பிடித்த அமிலத்துக்குச் சந்தையிற் பெரும் விலையில்லாமையாற் பெரும்பாலான முதலாளிகள் அதனை ஒழுங்காகக் கைக்கொள்ளவில்லை. 27 ஆண்டுகள் கழிந்தன. விஞ்ஞானம் கண்டறிந்ததை இலாபநோக்கு கிடப்பிற் போட்டது. அதனைச் செயற்படுத்தச் சட்டம் வேண்டியிருந்தது.

அச்சட்டத்தைக் கோரியவர் யார் என்பது கவனிக்கத்தக்கது. 1862ஆம் ஆண்டில் இப்பிரச்சினையைப் பிரபுக்கள் சபையில் எழுப்பித் தெரிகுழு அமைக்கச் செய்தவர் டேபிப் பிரபு. லங்காஷயரிற் பரந்த நிலங்களுக்கு உடையவர். நிலப்பிரபுக்களின் தோப்புகள் அழிந்தமையே சட்டத்தை விரைவுபடுத்தியது. 1863ஆம் ஆண்டின் காரத் தொழிற்சாலைச் சட்டம், கிளம்பும் அமில வாயுவில் நூற்றுக்கு 95 பங்கையாவது பிடித்துவைக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. ரொபேட் அங்கஸ் சிமித் என்னும் இரசாயன அறிஞர் முதலாவது பரிசோதகரானார். அமில மழை என்னும் தொடரைத் தமது நூலொன்றில் 1872ஆம் ஆண்டிலே கையாண்டவர் இவரே. ‘தீங்கு செய்யாதே’ என்று பொதுப்பட விதித்த சட்டங்களைப் போலன்றி, இச்சட்டம் அளந்து பார்க்கத்தக்க ஓர் எண்ணைக் கூறியது. சிறிது காலத்துள்ளேயே தொழிற்சாலைகள் அவ்வளவை எட்டிவிட்டன. கோசேஜின் கோபுரம் முன்னரே ஆயத்தமாக இருந்ததன்றோ!

ஆயினும் இச்சட்டத்தில் இரு குறைகள் இருந்தன. முதலாவது, வானத்திலிருந்து பிடிக்கப்பட்ட அமிலம் ஓடைகளிலே கொட்டப்பட்டது. காற்றைக் காத்த சட்டம் தண்ணீரைப் பற்றி வாய்திறக்கவில்லை. ஆறுகளை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1876இலேதான் வந்தது. இரண்டாவது, தொழிற்சாலைகள் பெருகவே எஞ்சிய ஐந்து பங்கும் பெருகியது. ஆகவே 1874ஆம் ஆண்டுத் திருத்தம், வெளியேறும் வாயுவின் கன அடி ஒன்றில் இருக்கத்தக்க அமிலத்துக்கும் எல்லை வகுத்தது. நடைமுறைக்கு இயன்ற மிகச் சிறந்த முறையைக் கையாளவேண்டும் என்ற விதியும் அதனோடு வந்தது. இயன்றது எது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? பரிசோதகரும் முதலாளியும் அறையொன்றிற் பேசி முடிவுசெய்தனர். அயலவருக்கு அவ்வறையில் இடமிருக்கவில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்றுண்டு. புகைபோக்கியின் வெளியே உள்ள மரத்தைச் சட்டம் காத்தது. உள்ளே நின்ற மனிதனை மறந்தது. உப்பு அடுப்பில் வேலைசெய்தோரின் பற்களை அமில ஆவி அரித்துத் தின்றது. வெளிற்றும் தூளைப் பெட்டிகளில் அடைத்தோர் குளோரீன் வாயுவினின்று தப்பப் பல மடிப்புக் கம்பளித் துணியால் வாயை இறுகக் கட்டிக்கொண்டு உழைத்தனர். பிரபுவின் மரத்துக்கு ஒரு சட்டம், ஒரு பரிசோதகர். தொழிலாளியின் உடலுக்கு வேறொரு சட்டம், வேறொரு பரிசோதகர். ஒரே தொழிற்சாலை, ஒரே நஞ்சு. சட்டம் மட்டும் இரண்டாகப் பிளந்தது. இப்பிளவே பின்வந்த நாடுகளுக்கும் முதுசமாகக் கையளிக்கப்பட்டது.

பரிசோதகரின் கண்ணொன்றே போதுமென்று நாம் கருதிவிடலாகாது. 1893ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பெண்கள் இருவர் பிரித்தானியாவிற் பரிசோதகராயினர். அவர்களைத் தொடர்ந்து அச்சேவையிற் சேர்ந்த லூசி டீன் என்பவர், 1898ஆம் ஆண்டுக்கான அறிக்கையிலே கல்நார்த் தூசின் தீமையை எடுத்துரைத்தார். கூரைத் தகடாக எமது நாட்டினர் நன்கறிந்த அஸ்பெஸ்ரஸ் இதுவே. உருப்பெருக்கியால் நோக்கியபோது அத்தூசின் துணிக்கைகள் கண்ணாடிச் சில்லுகள்போற் கூரியனவாகக் காணப்பட்டன. அரசாங்கமே அச்சிட்ட அறிக்கை அது. கல்நார்த் தொழிலுக்கு விதிகள் வகுக்கப்பட்டது 1931இல். பிரித்தானியா அதனை முற்றாகத் தடைசெய்தது 1999இல். கண்டதற்கும் தடுத்ததற்கும் இடையில் 101 ஆண்டுகள்! உண்மை ஏட்டிலே பதியப்பட்டிருப்பது மட்டும் போதாது; அதனைச் செயலாக்கத்தக்க மக்கட் சக்தி வேண்டும்.

இப்பாடத்தைப் பிரித்தானியத் தொழிற்சங்கங்கள் கற்றுக்கொண்டன. 1974 யூன் 1ஆந் திகதி பிளிக்ஸ்பரோ என்னுமிடத்தில் இரசாயனத் தொழிற்சாலையொன்று வெடித்து 28 தொழிலாளர் மாண்டனர். தற்காலிகமாகப் பொருத்தப்பட்ட குழாய் ஒன்று உடைந்தமையே காரணம். முன்னரே ஆயத்தமாகிக்கொண்டிருந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. அதன் கீழ் 1977ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட விதிகள், தொழிற்சங்கம் தானே பாதுகாப்புப் பிரதிநிதிகளை நியமிக்கவும், அவர்கள் தொழிலிடத்தைப் பரிசோதிக்கவும் உரிமை வழங்கின. 1833இல் அரச உத்தியோகத்தருக்குக் கிடைத்த உரிமை தொழிலாளியை வந்தடைய ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

எஞ்சியிருந்தவர் அயலவர். அவர்களின் உரிமைக்கு உலகம் கொடுத்த விலை மிகப் பெரிது. 1984 டிசெம்பர் 2ஆந் திகதி இரவு, இந்தியாவின் போபால் நகரத்தில் யூனியன் காபைட் நிறுவனத்தின் பூச்சிகொல்லித் தொழிற்சாலையிலிருந்து மெதயில் ஐசோசயனேற்று என்னும் நச்சுவாயு கசிந்தது. பாதுகாப்புக் கருவிகள் அங்கு இல்லாமலில்லை. ஆனால் தாங்கியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. மதிலோடு ஒட்டிய குடிசைகளில் உறங்கிய ஏழைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். உள்ளே என்ன வாயு உள்ளதென்றோ, அது கசிந்தால் என்ன செய்யவேண்டுமென்றோ எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. இப்பேரழிவின் பின்னர், 1986ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தொழிற்சாலையிலுள்ள இரசாயனப் பொருள்களை அறியும் உரிமையை அயலவருக்குச் சட்டமூலம் வழங்கின. 1987ஆம் ஆண்டில் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழிலை நடத்துவோர் தொழிலாளருக்கும் சுற்றுப்புறத்துப் பொதுமக்களுக்கும் அபாயத்தைத் தெரிவிக்கக் கடமைப்பட்டனர்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி ஆக்கப்பட்டது. இயந்திரத்தின் அபாயகரமான பகுதிகள் பாதுகாப்பாக வேலியிடப்பட வேண்டும் என்னும் அதன் விதியிலே 1844ஆம் ஆண்டின் குரல் ஒலிக்கின்றது. பரிசோதகர் முன்னறிவித்தலின்றி எந்நேரமும் தொழிலிடத்துக்குள் நுழையலாம் என்னும் நெறியை வகுத்த சர்வதேசத் தொழிற் சமவாயத்தையும் இலங்கை 1956ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இவை வாயிலின் உட்புறத்துக்குரியவை. தொழில் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளவை.

வெளிப்புறத்துக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் வந்தது. அதன்கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை 1981இல் நிறுவப்பட்டது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், குறித்த தொழில்களை நடத்துவோர் சுற்றாடற் பாதுகாப்பு உரிமம் பெறுதல் வேண்டும் என்பதும், பெருந் திட்டங்களுக்குச் சுற்றாடற் பாதிப்பு மதிப்பீடு வேண்டும் என்பதும் சட்டமாயின. கழிவுநீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்பது அளவுகோல்களால் வகுக்கப்பட்டது. அங்கஸ் சிமித்தின் 95 பங்கு போன்ற எண்களே இவை. விக்ரோறியா காலத்துப் பிளவும் இவற்றோடு உடன்வந்தது. தொழிலாளிக்கு ஒரு திணைக்களம், அயலவருக்கு ஓர் அதிகாரசபை.

சட்டம் குறைவாகவா இருந்தது? அன்று. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்தது என்ன? ஆறுகளில்லாத, சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த நிலம் அது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் நிலத்தடி நீரே கதி. அப்பாறை வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்தது. ஓரிடத்திற் சிந்துவது மற்றோரிடத்துக் கிணற்றில் ஊறும். சுன்னாகம் மின்னிலைய வளவைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியில் அள்ளிய நீரில் எண்ணெய்ப் படலத்தைக் கண்டவர் அவ்வூர்க் குடும்பப் பெண்களே. எந்தக் கருவியும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. மக்கள் போராடினர், 2015ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. 2019ஆம் ஆண்டில், மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவையும் ஏற்கவேண்டும் என்னும் நெறியின்படி, அங்கு மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மகத்தானது. ஆயினும், எண்ணெய் கலந்தபின் வழங்கப்படும் பணம் கிணற்றைப் பழைய நிலைக்குக் கொணராது.

தெற்கிலோ நிலைமை இதனினும் கொடிதாயிற்று. கம்பகா மாவட்டத்து வெலிவேரியவில், தொழிற்சாலைக் கழிவினாற் கிணற்றுநீர் கெட்டுவிட்டதென அஞ்சிய இரத்துபஸ்வலக் கிராமத்தவர், தூய நீர் கேட்டு வீதியில் இறங்கினர். 2013 ஓகஸ்ற் 1ஆந் திகதி அவர்கள்மீது இராணுவத்தினர் சுட்டனர். மூவர் உயிரிழந்தனர். வடக்கே தமிழ் விவசாயியும் தெற்கே சிங்களக் கிராமவாசியும் கேட்ட கேள்வி ஒன்றே: எமது கிணற்றில் என்ன கலந்திருக்கின்றது? மொழியால் இரண்டுபட்டுக் கிடக்கும் இந்நாட்டிற் கிணறு இருசாராரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. இதனை உணர்ந்து அவர்கள் ஒன்றுசேர்ந்திருப்பின் அக்குரல் எவ்வளவு உரத்து ஒலித்திருக்கும் என்பதை நாம் சிந்திக்கவேண்டும்.

மேற்காட்டிய வரலாறு எமக்கு உணர்த்துவது இதுவே. விதி முதலில் வருகின்றது. ஆனால் பார்க்கும் உரிமையுடைய ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்வரை அது உயிர்பெறுவதில்லை. அவ்வுரிமை முதலிற் பரிசோதகருக்கும், பின்னர் தொழிலாளிக்கும், இறுதியில் அயலவருக்கும் விரிந்தது. இம்மூவரும் ஒருவரையொருவர் அறியாது தனித்தனியே நிற்கும்வரை முதலாளிக்கு இடர் இல்லை. உள்ளே நஞ்சைச் சுவாசிக்கும் தொழிலாளி மாலையில் வீடு திரும்பி அதே ஊர்க் கிணற்று நீரையே அருந்துகின்றான். அவனிடம் “புகையைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடும்” என்றும், ஊராரிடம் “தொழிற்சாலை மூடப்பட்டால் உங்கள் பிள்ளைகளுக்கு வேலையில்லை” என்றும் சொல்லப்படுகின்றது. ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்தும் இவ்வாதம் 1833இல் நான்கு பரிசோதகர் வாயிலிற் சென்று நின்றபோதும் கூறப்பட்டதே. சிறுவரின் வேலைநேரம் குறைந்தால் ஆலைகள் அழிந்துவிடும் என்றனர். ஆலைகள் அழியவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அதிகாரசபைகளிடமுள்ள தகவல்களைக் கேட்டுப் பெறும் வழியைக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் திறந்துள்ளது. ஊரிலுள்ள தொழிற்சாலைக்கு உரிமம் உண்டா, அதன் நிபந்தனைகள் யாவை, கடைசியாகக் கழிவுநீர் எப்போது சோதிக்கப்பட்டது என்பனவற்றை எழுத்திற் கேட்கலாம். கிராமத்திலே இக்கடிதத்தை எழுதத்தக்கவர் யார்? ஆசிரியர்களும் மாணவர்களுமே. இரசாயன பாடத்தில் அமில காரச் சோதனையைக் கற்கும் மாணவன், அதனைப் பாடசாலைக் கிணற்று நீரிலும் செய்து, தேதியிட்டுக் குறித்துவைக்கலாம். ஆண்டுதோறும் தொடரும் அத்தகைய குறிப்பேடு நீதிமன்றத்தின் முன் சான்றாகாது போயினும், ஊராருக்கு விழிப்பூட்டும்; உரிய சோதனையை அதிகாரிகளிடம் கோருவதற்குக் காரணமாகும்.

லெனாட் ஹோணர் தமது ஏட்டிலே செய்ததும் இதனையே: பார்த்தார், எழுதினார், மறைக்க மறுத்தார். அவருக்கு அரசாங்கம் அளித்த அதிகாரம் எமக்கில்லை. ஆனால் அவருக்கு இல்லாத ஒன்று எமக்குண்டு. நாம் அவ்வூரிலேயே வாழ்பவர்கள். அக்கிணற்று நீரையே குடிப்பவர்கள். தொழிலாளரும் விவசாயிகளும் கற்றோரும் ஒன்றாக வாயிலில் நின்று “திறவுங்கள்” என்று கேட்கும் நாளிலேதான், ஏட்டிலுள்ள சட்டம் நாட்டுக்குரிய சட்டமாகும்.